ஒரு வீடு, இரண்டு குடித்தனம்



ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் இருக்கலாம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்க முடியுமா? முடியும். எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ். என் அக்காவுக்கும் பிளஸ் டூவில் லேப்டாப் கிடைத்தது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் பாஸைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. “அது எதுக்கு, வேஸ்ட்டு” என்பார்கள்.

அக்கா பி.சி.ஏ. முடித்து வேலை தேடினாள். போன இடமெல்லாம் “லினக்ஸ் தெரியுமா?” என்றே கேட்டார்கள். காரணம் இருக்கிறது. இணையத்தின் சர்வர்களில் பெரும்பாலானவை ஓடுவது லினக்ஸில்தான். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸ்தான். நம் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதன் கருதான்! 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கி வைத்தது இது.

விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுத் தருகிறார்கள். அக்கா திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டாள்.

“அப்போ விண்டோஸை அழிச்சிடலாமே?” என்று கேட்டேன். “மாமாவோட மல்லாட்டை மண்டிக் கணக்கு டாலியில இருக்கு. அது விண்டோஸ்லதான் ஓடும். அந்தக் கணக்கு எழுதற காசுலதான் உனக்கு டியூஷன் பீஸ்” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் இரண்டையும் வைத்துக்கொண்டாள். முதலில் கணக்கையெல்லாம் பென் டிரைவில் காப்பி எடுத்தாள். பிறகு விண்டோஸின் இடத்தைக் கொஞ்சம் சுருக்கி, காலியான பகுதியில் புது லினக்ஸ் ஒன்றைப் போட்டாள். இப்போது ஆன் செய்தால் ‘குரப்’ என்ற பட்டியல் வரும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும்! கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸோ அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. இந்திய நேரம் பொது நேரத்தை விட ஐந்தரை மணி முன்னால் அல்லவா? லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சண்டை தீர்ந்துவிடும். இன்னொன்று: விண்டோஸில் ‘பாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அது முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அதன் பைல்களில் எழுத முடியாது.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அக்காவின் லேப்டாப்பில் இருப்பதும் அதுதான். அதனால் இப்போது இன்டர்நெட் வேலை எல்லாம் லினக்ஸில். டாலி மட்டும் விண்டோஸில்.

அக்காவுக்குப் புதுச்சேரியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்டிக் கணக்கு.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய அரசு லேப்டாப் தூங்குகிறதா? எடைக்குப் போடாதீர்கள்! முதலில் காப்பி எடுங்கள், பிறகு தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். பழசை விரட்டாமலே புதுசுக்கு இடம் கொடுக்கலாம்.

– 11-ஆம் வகுப்பு மாணவி, திண்டிவனம்