காணா உயிரும் கட்லா மீனும்

சிறியதை உண்டு பெரியது வாழ்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். சிறியது இல்லையேல் பெரியதும் இல்லை என்பதையோ எளிதில் மறந்துவிடுகிறோம்.

1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு நம் தருமபுரி மாவட்டத்திலும் விரிந்து கிடக்கிறது. நாகமரை, ஒட்டனூர் முதலிய கரையூர்களில் பரிசலும் வலையுமே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் உள்ளன. அவர்தம் வலையில் விழும் மீன்களுள் கட்லா குறிப்பிடத்தக்கது. கங்கை முதலான வடபுல ஆறுகளுக்கு உரிய இம்மீன் பெருந்தலையும் மேல்நோக்கிய வாயும் உடையது. இத்துணைப் பெரிய மீன் எதனை உண்டு வளர்கிறது என விலங்கியல் துறை நண்பர் ஒருவரை வினவினோம். மெல்லிய வலைத்துணியால் வடித்தெடுத்த நீரில் ஒரு துளியை அவர் நுண்ணோக்கியில் காட்டினார். தெள்ளுப்பூச்சி போலத் துள்ளும் நீர்த்தெள்ளு, துடுப்புக்காலி, சக்கர உயிரி எனப் பல்வகை உயிர்கள் அத்துளியில் இயங்கக் கண்டு வியந்தோம்.

இவற்றை விலங்கு மிதவையுயிர்கள் என்பர். அலைந்து திரிவது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘பிளாங்க்டன்’ என்னும் பெயரை 1887இல் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சன் அமைத்தார். நீரோட்டத்தை எதிர்க்கும் வலிவு இவற்றுக்கு இல்லை. எனினும், கதிரொளியில் விளையும் நுண்பாசியை உண்டு, அதனை மீனுக்கு ஏற்ற இரையாகத் தம் உடலில் மாற்றித் தருவன இவையே.

வட அட்லாண்டிக் பெருங்கடலிலும் இந்நிலையே. அரிசிமணியினும் சிறிய காலனஸ் என்னும் துடுப்புக்காலி அங்கே பாசியை உண்டு உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. அதனை ஹெர்ரிங் மீனும் உண்கிறது. பல டன் எடையுள்ள திமிங்கிலமும் உண்கிறது. பிரிட்டனுக்குக் கிழக்கேயுள்ள வடகடல் வெப்பமுற்றபோது குளிர்நீருக்கு உரிய காலனஸ் இனம் அங்கே குறைந்தது; காட் மீன்குஞ்சுகளுக்கு உரிய இரையும் குறைந்தது.

நம் நீர்நிலைக்கு வேறோர் அச்சம் உண்டு. நீர்த்தெள்ளு நஞ்சைத் தாங்காது. நீரின் நச்சுத்தன்மையை அறிய ஆய்வுக்கூடங்கள் இதனையே பயன்படுத்துகின்றன. வயலில் தெளித்த பூச்சிமருந்தை மழைநீர் ஆற்றுக்கு அடித்துச் செல்லுமாயின், மீனுக்கு முன்னே இவ்வுயிர் மடியும். மீன் செத்து மிதந்தால் ஊர் கூடும். மிதவையுயிர் மடிந்தால் கேட்பார் யார்? அணையில் மீன்குஞ்சுகளை விடுவது நன்றே. அக்குஞ்சுகளுக்கு இரை வேண்டுமல்லவா?

சின்னாற்று நீர் ஒகேனக்கல்லில் காவிரியோடு கலந்து அணையைச் சேர்கிறது. உழவர் வீடுகளிலிருந்து வரும் நம் மாணவர்கள், மருந்து தெளிக்கும் நாளில் தம் வயலின் வடிகால் எங்குச் செல்கிறது என்பதை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டுகிறோம்.