கழுவிய நீரின் வழி

இல்லத்தைத் தூய்மையாக வைத்திருத்தல் இல்லறக் கடமைகளுள் ஒன்று. ஆனால், நம் வீட்டு அழுக்கைப் போக்கிய நீர் இன்னொருவர் வாசலில் அழுக்காகச் சென்று தேங்குமாயின், அதனைத் தூய்மை என்று சொல்லலாமா? சில ஆண்டுகளாக இவ்வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

இன்று கடைகளில் பச்சை இலை வரைந்த புட்டிகளுக்குக் குறைவில்லை. ‘இயற்கை’ என்றும் ‘பசுமை’ என்றும் எழுதியிருந்தாலே மயங்கி வாங்குவோர் உண்டு. அத்தனையும் வணிகச் சூழ்ச்சி என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு சாராரும் சற்றே நின்று ஆராய்தல் நன்று.

ரப்பர்த் தோட்டத்து லயன் வீடுகளில் நம் முன்னோர் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்கினர். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரப்பொருள் உண்டு. அஃது எண்ணெய்ப் பசையை இளக்கிப் போக்கும். பித்தளைக் குத்துவிளக்கின் களிம்பைப் புளியிலுள்ள அமிலம் கரைக்கும். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பதற்குச் சப்போனின் என்னும் பொருள் காரணம். பட்டறிவால் கண்ட உண்மைகளைப் பின்னாளில் வேதியியல் விளக்கியது.

எனினும், பழமை அனைத்தையும் பொன்னெனப் போற்ற என் மனம் ஒப்பவில்லை. சாம்பல் பட்டுப் பட்டு வெடித்திருந்த என் பாட்டியாரின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய முறைக்குத் திரும்புவோம் என மேடையில் முழங்குவோர், துலக்கும் கைகள் யாருடையவை என்பதை எண்ணுவதில்லை. மேலும், இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. பூந்திக்கொட்டையின் சாறு மீன்களுக்கு நஞ்சு; அதனை நீரில் கலந்து மீன் பிடிக்கும் வழக்கமே இருந்திருக்கிறது.

செயற்கைச் சலவைத்தூளின் வரலாறும் அறியத்தக்கது. 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. அன்றைய சலவைத்தூளின் மூலக்கூறுகள் கிளைகள் கொண்டிருந்தமையால் நுண்ணுயிர்கள் அவற்றை எளிதில் சிதைக்க இயலவில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றியது, அப்பத்தாண்டிலேயே உற்பத்தியாளர்கள் நேர்த்தொடர் மூலக்கூறுகளுக்கு மாறினர், நுரையும் தணிந்தது. பாஸ்பேட் வேறொரு தொல்லை. அது நீர்நிலைகளில் பாசியைப் பெருக்கும், பாசி அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குன்றும், மீன்கள் மாளும். ஆகவே, புட்டியின் முன்புறத்து இலையைக் காட்டிலும், பின்புறத்துச் சிறிய எழுத்துகளே நமக்கு உண்மை கூறுவன. ‘பாஸ்பேட் அற்றது’, ‘நுண்ணுயிர்களால் சிதைவது’ என்னும் குறிப்புகளை அங்குத் தேட வேண்டும்.

ஒரு பொருளை வாங்குமுன் மூன்று வினாக்களை நான் எழுப்புவதுண்டு. அழுக்கைப் போக்குகிறதா? கையையும் பணப்பையையும் வருத்தாதிருக்கிறதா? பயன்படுத்திய பின் எங்கே போகிறது? ஒருமுறை இலை வரைந்த திரவம் ஒன்றை வாங்கினேன். மீன்குழம்புச் சட்டியின் பிசுக்கு, மும்முறை ஊற்றித் தேய்த்த பின்னரே அகன்றது. திரவமும் நீரும் மும்மடங்கு செலவாயின. வேலை செய்யாத பொருள் பசுமைப் பொருளாகாது என்பதை அச்சட்டி உணர்த்தியது.

அளவறிதலும் இன்றியமையாதது. நுரை மிகுந்தால் தூய்மை மிகும் என்பது வெறும் எண்ணமே. செறிவூட்டிய தூளைக் குறித்த அளவில் இடுவதும், பழைய புட்டியிலேயே திரும்ப நிரப்பிக்கொள்வதும் செலவையும் குப்பையையும் குறைக்கும். வினிகரையும் சோடா உப்பையும் கலந்தால் பொங்கும். ஆனால், ஒன்றன் ஆற்றலை மற்றொன்று போக்கிவிடும். தனித்தனியே பயன்படுத்துவதே தக்கது. குளோரின் வெளுப்பானோடு வினிகரை ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும்.

பைகளின் நிலையும் இதுவே. பினாங்கு 2011இல் இலவச நெகிழிப்பைகளை நாள்தோறும் நிறுத்தியது. சிலாங்கூர் 2017இல் பைக்கு 20 சென் விதித்தது. சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்கப்படுகிறது. இவை நல்ல மாற்றங்களே. ஆயினும், பருத்தி விளைவிக்க நீரும் நிலமும் மிகுதியாக வேண்டும். பலமுறை சுமந்தால்தான் துணிப்பை அதற்கு ஈடு செய்யும். விழாதோறும் வாங்கிய துணிப்பைகளை அலமாரியில் அடுக்கி வைப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

நம் நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் சமையலறை நீர் வாசல் கால்வாயில் விழுந்து ஆற்றைச் சேர்கிறது. சிங்கப்பூரிலோ பயன்படுத்திய நீர் தூய்மையாக்கப்பட்டு, 2003 முதல் நியூவாட்டர் என்னும் பெயரில் மறுபடியும் பயனுக்கு வருகிறது. எவ்வழியிலும் நாம் கழுவிய நீர் எவரோ ஒருவரிடம் சென்று சேரத்தான் செய்கிறது.

சுற்றுச்சூழலைக் காப்போம் என்று நம் மாணவர் அழகுறக் கட்டுரை வரைகின்றனர். ஆசிரியப் பெருமக்கள் அவர்களுக்கு இன்னுமொரு பயிற்சி தரலாம். வீட்டிலுள்ள புட்டியின் பின்புறத்தைப் படித்து வரச் சொல்லுங்கள். மகனாயினும் மகளாயினும், உண்ட தட்டைத் தாமே கழுவி வரச் சொல்லுங்கள். எத்துணை திரவம் போதும் என்பதைக் கழுவும் கையே கற்றுக்கொள்ளும்.