உச்சி கடந்த விண்மீன்

எங்கள் வீட்டு முற்றத்திலே மோட்டார் பூட்டிய தொலைகாட்டி ஒன்று உண்டு. அதனால் விண்மீன்களைப் படம் பிடிப்பவள் என் மகள். நான் அவளுக்குத் துணையாள். யாழ்ப்பாணத்து மாரிமழை ஓய்ந்து, தை மாதக் கடைசியிலே முகிலும் நிலவுமற்ற இரவொன்று வாய்த்தது. மூன்று மாதமாக அவள் காத்திருந்த இரவு அது. ஓரியன் நெபுலாவைப் படமெடுக்கத் தொடங்கினோம்.

அந்நாட்களில் அது இரவு 9 மணிக்குச் சற்றுப் பின்னர் உச்சிக்கோட்டைக் கடக்கும். வடக்கிலிருந்து தலைக்கு நேர் மேலாகத் தெற்கே செல்லும் கற்பனைக் கோடே உச்சிக்கோடு. பொருள் அதனைக் கடந்ததும் தொலைகாட்டியைத் தாங்கியின் மறுபுறத்துக்குத் திருப்புதல் வேண்டும். “இன்னுஞ் சில படங்கள் எடுத்தபின் திருப்பலாம்” என்று மகளிடம் சொல்லி, கருவியின் எல்லைக் கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு சாப்பிடச் சென்றேன்.

திரும்பி வந்தபோது குழாயின் அடிப்புறம் முக்காலியின் காலில் முட்டி நின்றது. மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. கமெராவின் வயர் நசுங்கிப்போயிற்று. கடைசிப் படங்களில் விண்மீன்கள் கோடுகளாயின. மகள் ஒன்றும் பேசவில்லை. அவள் ஏசியிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

எங்கள் தாங்கி, 1824ஆம் ஆண்டில் டோர்ப்பாத்து வானாய்வு நிலையத்துக்கு வந்த தொலைகாட்டிக்கென ஜெர்மானியரான பிரவுன்கோபர் அமைத்த வகையைச் சேர்ந்தது. ஒருபுறம் குழாய், மறுபுறம் எதிர்ப்பாரம். கீழ்வானத்தை நோக்குகையில் குழாய் தாங்கியின் மேற்குப் புறத்தில் இருக்கும். மணிக்கு 15 பாகை வீதம் அது விண்மீனைப் பின்தொடரும். உச்சி கடந்தபின் அதன் அடிப்புறம் முக்காலியை நெருங்கத் தொடங்கும்.

மறுநாட் பகலிலே வில்லையை மூடி, கமெராவையும் பூட்டியபடி, மோட்டாரை மெல்ல ஓட்டிப் பார்த்தோம். உச்சிக்கு அப்பால் 7 பாகையிற் குழாய் முட்டியது. பாகைக்கு 4 நிமிடமாக 28 நிமிடம்.

“அப்படியானால் 25 நிமிடம் என்று வைப்போம்” என்றேன்.

“ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் வேண்டும், அப்பா. அது முடியும்வரை கருவி திரும்பாது. இடையிலே ஏதும் தடங்கல் வந்தால்?” என்றாள் மகள். உச்சி கடந்த 5ஆம் நிமிடத்தில் திரும்பவும், திரும்பாவிடின் 15ஆம் நிமிடத்தில் மோட்டார் தானே நிற்கவும் அமைத்தாள்.

உச்சிக்கு முன்னரே திருப்பினால் என்ன என்று கேட்டேன். பொருள் கிழக்கிலே இருக்கும்வரை கருவி பழைய புறத்தையே தெரிந்துகொள்ளும் என்றாள். என்னுடைய வேறொரு பிழையும் அப்போது வெளிப்பட்டது. நான் கொடுத்திருந்த நெடுங்கோடு கிழக்கு 82½ பாகை; இலங்கை மணிக்கூடுகளின் நேரத்துக்குரிய கோடு அது. யாழ்ப்பாணமோ ஏறக்குறைய 80 பாகையில் இருக்கிறது. அதனால் கருவி உச்சிப்பொழுதை 10 நிமிடம் முந்திக் கணக்கிட்டு வந்தது. அதனையும் அவளே திருத்தினாள்.

சில நாட்களின் பின் வானம் மீண்டும் தெளிந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடமாக உச்சிப்பொழுதும் முந்தியிருந்தது. இம்முறை நான் முற்றத்தை விட்டு அகலவில்லை. குறித்த நேரத்திலே தொலைகாட்டி அமைதியாக மறுபுறம் திரும்பி, நெபுலாவை மீண்டும் நடுவிற் பிடித்தது. படம் தலைகீழாக வந்தது; கணினி அதனை நேராக்கிக்கொண்டது.

எல்லையை அளந்தறிவது அதன் விளிம்புவரை போவதற்கன்று என்பதை என் மகளிடமே கற்றேன். முக்காலியின் காலில் அன்றைய கீறல் இன்னும் இருக்கிறது. அதற்கு நிறம் பூச வேண்டாமென்று அவள் சொல்லிவிட்டாள்.