கடைவாய்ப் பல்லும் சி.ஆர்.பி.யும்

"அம்மா எப்படி இருக்காங்க சார்?" என்று தினமும் பத்துப் பேராவது கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு அது பழக்கம்.

என் துணைவியார் நலம். இன்றோடு 41 நாள். பெருந்தமனி வால்வில் கால்சியம் படிந்து இறுகிவிட்டதால் அதை எடுத்துவிட்டு, மாட்டின் இதய உறையிலிருந்து செய்த திசு வால்வு பொருத்தியிருக்கிறார்கள். தெருமுனை வரை நடக்கிறார். மிளகாய்த்தூள் டப்பாவை இடம் மாற்றியது யார் என்ற விசாரணையும் தொடங்கிவிட்டது.

உறவுகள் பலர் இன்னும் கேட்பது சி.ஆர்.பி. பற்றி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த எண் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறிந்த புரதம் இது. உடம்பில் எங்காவது அழற்சி என்றால் கல்லீரல் இதை நிறையச் செய்து அனுப்பும். பள்ளிக்கூட மணி மாதிரி. மணி அடிப்பது ஊருக்கே கேட்கும், எந்த வகுப்பில் சண்டை என்று மணி சொல்லாது.

பல ஆய்வகங்களில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி என்பார்கள். ஆபரேஷனுக்கு முன் இவருக்கு வந்தது 38. சளி, சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. பல் மருத்துவர்தான் கண்டுபிடித்தார்: இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாம் என்றார் அறுவை மருத்துவர்.

மைத்துனர் கொதித்துப் போனார். "படியேறும்போது ரெண்டு தடவை மயங்கி விழுந்தவளை, பல்லுக்காகக் காக்க வைப்பாங்களா மாப்பிள்ளே?" கேள்வி நியாயமானதே. வால்வு இறுகி மயக்கமும் வரத் தொடங்கிவிட்டால் காத்திருப்பதே ஆபத்து. மருத்துவரும் அதை மறைக்கவில்லை. ஆனால் சீழில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் ஒட்டிக்கொண்டால், மருந்தால் மட்டும் அதை ஒழிப்பது கடினம், சிலருக்கு மார்பைத் திரும்பவும் திறக்க வேண்டிவரும் என்றார். பல்லை எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, 16 நாள் காத்திருந்தோம். அந்த 16 இரவும் அவர் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். சி.ஆர்.பி. 6-க்கு வந்தது.

இதற்கிடையில் என் தம்பி மகன் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் குழுவில் போட்டான். வால்வு மாற்றுவதற்கு முன்பே சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களிடம் பின்னால் சிக்கலும் மரணமும் கூடுதல் என்று. நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதத்துக்கும் அப்படிச் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பு வகுத்தல்தான்: 62-ஐ 28-ஆல் வகுத்தால் சுமார் 2.2. அதுதான் இவருக்கு. இப்படிப் பல ஆய்வுகள் வந்திருப்பது உண்மை. ஆனால் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை வைத்து மூன்றாம் பெஞ்ச் பையனின் மார்க்கைச் சொல்ல முடியுமா? அழற்சி கூடுதலாக உள்ளவர்களில் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, மறைந்திருக்கும் தொற்று என்று பலதும் இருக்கும். கெடுப்பது பெரும்பாலும் அவைதான்.

எண்ணை மட்டும் குறைக்க மாத்திரை இல்லையா என்று என் தங்கை கேட்டாள். ஸ்டாட்டின் மாத்திரை கொலஸ்ட்ராலோடு சி.ஆர்.பி.யையும் ஓரளவு குறைக்கும். வால்வு இறுகுவதையும் அது தடுக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1873 பேரிடம் சோதித்து, 2008-இல் முடிவு வெளியிட்ட சீஸ் என்ற ஐரோப்பிய ஆய்வில், எஸெட்டிமைபும் சேர்த்துக் கொடுத்தும், அது தடுக்கவில்லை. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் சண்டை நிற்காது, தங்கச்சி.

அடுத்த களேபரம் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். சி.ஆர்.பி. 182! குழுவில் அழுகையே கேட்டது. மார்பெலும்பை அறுத்து, ரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரக் குழாய்களில் ஓடவிட்ட உடம்பு சும்மா இருக்குமா? இரண்டு, மூன்றாம் நாளில் எல்லோருக்கும் ஏறி உச்சம் தொடும். பிறகு இறங்க வேண்டும், அதுதான் பார்க்க வேண்டியது. இறங்கியது திரும்ப ஏறினால்தான் மருத்துவர்கள் தேடத் தொடங்குவார்கள். இவருக்கு ஆறாம் நாள் 71, வீடு திரும்பிய அன்று 40.

போன வாரம் உள்ளூர் ஆய்வகத்தில் எடுத்தது 1.4. எல்லோரும் கைதட்டும் குறி போட்டார்கள். நான் அலகைப் பார்த்தேன்: டெசிலிட்டருக்கு. லிட்டருக்கு மாற்றினால் 14. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனாலும் அலகு எழுதாத விடைக்கு நான் எப்போது முழு மார்க் போட்டேன்?

எங்களுக்குச் சொல்லி அனுப்பியதை, வீட்டில் வால்வு மாற்றியவர் இருக்கும் மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன். காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடக் கூடாது. முதலில் மருத்துவமனை, ரத்தக் கல்ச்சர் எடுத்த பிறகே மருந்து. முன்பே போட்டுவிட்டால் கிருமி கல்ச்சரில் அகப்படாமல் போகலாம். பல் பிடுங்கும் முன் வால்வு இருப்பதைச் சொல்லிவிட வேண்டும், அதற்கு முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். வால்வு அட்டையை இவர் பர்ஸில் வைத்திருக்கிறார், நகல் என் சட்டைப் பையில்.