உத்தரம் நாகஸ்வரம் ஆகும் ஊர்

பொலிவியாவைச் சுற்றிவிட்டு வந்த நண்பர், கைப்பேசியில் ஒருரோ திருவிழாப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஆண்டிஸ் மலைமேல், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் சுரங்க ஊர் அது. கொம்பு வைத்த பிசாசு முகமூடிகள், பித்தளை வாத்தியக் குழுக்கள், தெரு கொள்ளாத கூட்டம். 2001இல் யுனெஸ்கோ சிறப்பித்த விழா. ஆனால் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது முகமூடி அல்ல, குழல். மலைவாழ் மக்களின் 'சிக்கு' என்ற மூங்கில் குழல் தொகுதியை இருவர் சேர்ந்துதான் வாசிக்க வேண்டுமாம். ஸ்வரங்கள் இரண்டு தொகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒருவர் ஒன்றை ஊத, மற்றவர் அடுத்ததை ஊத, இருவர் மூச்சிலும் ஒரு பாட்டு உருவாகும். மழைக்காலத்துக்கு ஒரு குழல், மழை நின்றபின் வேறொரு குழல் என்ற கட்டுப்பாடும் உண்டு. காலம் மாற்றி ஊதினால் பயிருக்கு ஆகாது என்பது அங்குள்ள நம்பிக்கை.

"உங்க தஞ்சாவூர்ப் பக்கம் இந்த மாதிரி ஏதாவது உண்டா?" என்றார் கடைசியில். கேட்டவர் திருச்சிக்காரர். காவிரி தங்கள் ஊரைத் தாண்டித்தான் எங்களுக்கு வருகிறது என்ற மிதப்பு அவர்களுக்கு எப்போதும் உண்டு. சித்திரையில் வாருங்கள் என்று சொல்லிவைத்தேன்.

சித்திரையில் டெல்டா பச்சையாக இருக்காது. படம் எடுக்க வருபவர்கள் கார்த்திகை, மார்கழியில்தான் வருவார்கள். வயல் கழுத்தளவு நெல்லோடு நிற்கும் காலம் அது. சித்திரையில் சம்பா, தாளடி அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்தாகி, வயல் வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடப்பட்டால் ஜூன் 12இல்தான் திறப்பு. நடுவில் காவிரி என்பது இரண்டு கரைகளுக்கு நடுவே கிடக்கும் மணல். இந்தக் காய்ந்த மாதங்களில்தான் கோயில்களுக்கு விழா, குடியானவனுக்கு ஓய்வு, நாகஸ்வரக்காரருக்குக் கைநிறைய வேலை. குழலுக்குப் பருவம் வகுத்திருப்பது பொலிவியாக்காரர் மட்டுமல்ல.

திருவையாற்றின் ஏழூர்த் திருவிழா சித்திரை விசாகத்தை ஒட்டி வரும். நந்திக்குத் திருமழபாடியில் கல்யாணம் ஆனபின், ஐயாறப்பர் மணமக்களை அழைத்துக்கொண்டு அண்டை ஊர்களுக்கு விருந்துக்குப் போகிறார் என்பது கதை. ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கில். நந்திகேசுவரரும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றி வருவார்கள். கல்யாணத்துக்குப் பழம் தந்த ஊர், சோறு போட்ட ஊர், பூக் கொடுத்த ஊர், நெய் கொடுத்த ஊர் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தந்த ஊர்ச் சாமியும் தன் பல்லக்கில் கூட வந்து சேர்ந்துகொள்ளும். காவிரியையும் குடமுருட்டியையும் கடக்கும்போது சீர்பாதம் தாங்கிகளின் கால் மணலில் புதையும். பல்லக்கு மட்டும் சாயாது. வழியெங்கும் நீர்மோரும் பானகமும். சுற்று முடிந்து ஏழூர்ப் பல்லக்குகளும் திருவையாற்றில் ஒன்றுகூடும்போது, ஒரு பொம்மை வந்து சாமிக்குப் பூப்போடும். அந்தப் பொம்மையைப் பார்க்க நிற்கும் கூட்டத்தில் நண்பரைத் தொலைத்துவிட்டேன்.

திரும்பக் கிடைத்தபோது அவர் நாகஸ்வரக் கோஷ்டிக்கு அருகில் நின்றிருந்தார். மல்லாரி முடிந்து வாத்தியக்காரர் ஊதும் முனையான சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த நாகஸ்வரம் எங்கே செய்வது?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். "நரசிங்கம்பேட்டை. வேற எங்க?" என்று பதில் வந்ததாம்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் சாலையில் ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. ஆடுதுறை என்றால் விவசாயிகளுக்கு நெல் ஆராய்ச்சி நிலையம். 1922இல் தொடங்கியது, ஏ.டி.டி. என்று தொடங்கும் நெல் ரகங்களெல்லாம் அங்கே பிறந்தவை. அதற்கு அடுத்த ஊரின் பெயரை விவசாயிகளைவிட வாத்தியக்காரர்கள் அதிகம் அறிவார்கள். பக்கத்திலேயே திருவாவடுதுறை, நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர்.

பட்டறை என்று பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். வீட்டு முகப்பில் ஒரு கொட்டகை, ஒரு கடைசல் இயந்திரம், சுவரோரம் சாய்த்துவைத்த கட்டைகள், தரை முழுக்கச் செம்பழுப்புச் சுருள்கள். ஆசாரி அறுபதைத் தாண்டியவர். நாங்கள் போனபோது ஒரு கட்டையைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. சட்டையில தூசி ஒட்டும், பரவாயில்லையா?"

நாகஸ்வரத்தின் நீண்ட குழல்பகுதிக்கு உலவு என்று பெயர். அது ஆச்சா மரத்தில் செய்வது. கீழே விரியும் அணசு வாகை மரம். மேலே கெண்டை என்ற உலோகக் குழல். அதில் சீவாளி செருகும். சீவாளி காவிரிக் கரை நாணலில் ஆவது. அது தனித்தொழில், அதற்குத் தனிக்குடும்பங்கள். உலவில் விரல் வைக்க ஏழு துளை. கீழ்ப்பகுதியில் இருக்கும் மற்றத் துளைகள் விரலுக்கானவை அல்ல. அவற்றில் மெழுகை வைத்தும் எடுத்தும் வாத்தியக்காரர் சுருதியைச் சரிசெய்துகொள்வார்.

கட்டையைக் கடைவதும், நீளக் கம்பியில் பொருத்திய அலகால் உள்ளே குடைவதும் பார்க்கப் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. நண்பர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். நானும் அதை விவரித்து வாசகரைச் சோதிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: உள்துளை மேலே குறுகி, கீழே போகப் போக அகல வேண்டும். அந்த அகலம் எங்கே எவ்வளவு என்பதில்தான் நாதம் இருக்கிறது. அது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆசாரி அலகின் மேல் கையை வைத்து, அதிர்வைக் கேட்டுக் குடைகிறார்.

சின்ன வயதில் அவருக்குக் கொடுத்த முதல் வேலை கயிறு இழுப்பது. மின்சாரம் பட்டறைக்கு வராத காலம். கட்டையில் சுற்றிய கயிற்றை ஒருவர் மாற்றி மாற்றி இழுக்க, கட்டை சுழலும், பெரியவர் உளி பிடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கயிறு. விளையாடப் போனால் அப்பா தேடி வருவார். "இழுக்கிறவன் தூங்கினா உளி தூக்கிடும். ஒரு கட்டை வீணாச்சுன்னா அன்னிக்கு வீட்டுல யாரும் பேச மாட்டாங்க" என்றார். ஆண்டுக்கணக்கில் கயிறு இழுத்த பிறகே உளி கைக்கு வந்தது. துளை போட விட்டதற்கு இன்னும் பல வருஷம். இன்று மோட்டார் சுற்றுகிறது, கயிறு இழுக்கப் பையன் தேவையில்லை. ஆனால் கயிற்றின் வழியாகத்தான் இந்தத் தொழிலுக்குள் ஆள் வந்துகொண்டிருந்தது. அவருடைய மகன் கும்பகோணத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். லீவு நாளில் வந்து மெருகு போட்டுத் தருவாராம்.

ஊரின் பெயரை எங்கும் கொண்டுபோனவர் என்.ஜி.என். ரங்கநாதன் ஆசாரி. முன்பு வழக்கிலிருந்தது திமிரி நாகஸ்வரம். குட்டை, சுருதி அதிகம், ஊரைக் கூட்டும் குரல். அதில் சுத்த மத்திமம் தானாக நிற்காது. வாசிப்பவர் மூச்சாலும் உதட்டாலும் பிடித்து நிறுத்த வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்போடு வைத்துப் பார்த்துப் பார்த்து, 1955இல் ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தில் அந்த ஸ்வரத்தைத் தெளிவாகப் பேசவைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பிள்ளை காலமானார். ஆனால் கருவி நின்றுவிட்டது. இன்று கச்சேரியிலும் கல்யாணத்திலும் நாம் கேட்கும் கனத்த, தாழ்ந்த நாதம் பெரும்பாலும் பாரியுடையது. மேதையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் நூறில் ஒரு பங்குகூட அந்த மத்திமத்தைத் துளையில் பிடித்தவரைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை.

இனி மரம். இந்த ஊருக்கு வந்ததன் பயன் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

ஆச்சா என்றாலும் புது ஆச்சா உதவாது. நாகஸ்வரம் வெயிலில் தெருவில் நிற்கும், உள்ளே மூச்சின் ஈரம் ஓடும். பச்சை விலகாத மரம் வெடிக்கும், கோணும். ஈரமெல்லாம் வற்றி அடங்கிய பழைய மரம் வேண்டும். அந்த மரம் எங்கே இருக்கிறது? வீடுகளில். முக்கால் நூற்றாண்டு, ஒரு நூற்றாண்டு முன்னால் கட்டிய வீடுகளின் உத்தரமாக, தூணாக, நிலையாக நிற்கிறது. அந்த வீட்டை இடிக்கும்போது ஆசாரிக்குச் செய்தி வரும். போய், விலை பேசி, அறுத்து எடுத்து வந்து, பட்டறையில் மறுபடி சில காலம் கிடத்தி, பிறகு கடைகிறார். அவர் மடியில் இருந்த கட்டையின் ஒரு முனையில் பழைய ஆணி இருந்த தடம் தெரிந்தது. "இது ஒரு வீட்டு விட்டம். தொட்டில் கட்டியிருப்பாங்களோ என்னமோ" என்று சிரித்தார்.

ஆக, இந்தக் கைத்தொழில் டெல்டாவின் பழைய வீடுகளைத் தின்று வாழ்கிறது. ஓட்டு வீடு இடிந்து கான்கிரீட் எழும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மரம் கிடைக்கிறது. கான்கிரீட்டுக்குள் உத்தரம் கிடையாது. அடுத்த முறை அந்த இடத்தில் இடித்தால் கம்பியும் ஜல்லியும்தான் மிஞ்சும். இருப்பு ஒரே ஒரு முறைதான். பாரம்பரிய வீடுகளைக் காக்க வேண்டும் என்று கட்டுரை எழுதுகிறவர்களும், பாரம்பரிய வாத்தியத்தைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களும் ஒருவரை ஒருவர் சந்தித்தால் சங்கடம்தான். நான் இரண்டு கூட்டத்திலும் இருக்கிறேன்.

பொலிவியாவிலும் மேட்டுநிலத்தில் மூங்கில் கிடையாது என்று நண்பர் சொன்னார். அங்கே ஊருக்கு ஊர் சிக்கு ஊதுகிறார்கள். மூங்கிலோ மலைக்குக் கீழே உள்ள ஈரக்காட்டிலிருந்து வர வேண்டும். தூரத்திலிருந்து வந்தாலும் மூங்கில் வெட்ட வெட்டத் தழைக்கும். நூறாண்டு உத்தரம் தழைக்காது.

2022 மார்ச்சில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள். பிற ஊரில் செய்ததை இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதற்கு அது சட்டக் காவல். நல்லதுதான். ஆனால் பெயருக்குக் காவல் கிடைத்ததே தவிர, கட்டை கிடைக்கவில்லை. வாசிப்பவர் கருவி வாங்க இயல் இசை நாடக மன்றம் நிதியுதவி தருகிறது. ஆசாரி மரம் வாங்குவதோ கைக்காசில், அதுவும் ரொக்கமாக, அன்றைக்கே. வீடு இடிக்கிறவன் கடன் சொல்ல விடமாட்டான். அந்த மரம் கருவியாகி விற்றுக் காசாக மாதங்கள், சிலசமயம் வருஷம் ஆகும். நடுவில் வீட்டுச் செலவுக்கு முட்டினால், நகரத்துக் கடைக்காரர் முன்பணத்தோடு நிற்பார். முன்பணம் வாங்கினால் விலை அவர் சொல்வதுதான். கடைக் கண்ணாடிக்குள் போனதும் விலை ஏறும், செய்தவர் பெயர் இறங்கும். வாங்குகிறவருக்கு நரசிங்கம்பேட்டை தெரியும், ஆசாரி தெரியாது. இடைத்தரகர் வேண்டாம் என்று சொல்வது எளிது; ஆசாரியின் முடங்கிய பணத்துக்கு ஈடு யார் கொடுப்பது என்று கேட்டால், குறியீடு வாங்கிக் கொடுத்த கைகளெல்லாம் சட்டைப் பையைத் தேடுகின்றன. வேண்டியது ஒரு மர வங்கி. அரசு தன் பழைய கட்டடங்களை இடிக்கும்போது ஆச்சாவைப் பிரித்துப் பட்டறைகளுக்குத் தவணையில் தர ஓர் ஏற்பாடு. இதற்குப் பெரிய மூளை தேவையில்லை.

தேவை குறைகிறது என்பதும் உண்மைதான். கல்யாண மண்டபங்களில் கேரளச் செண்டை மேளம் நுழைந்தாயிற்று. சத்தம் வேண்டுமென்றால் செண்டை நல்ல சத்தம், மறுக்கவில்லை. ஆனால் திருவையாற்று அரசு இசைக்கல்லூரியில் இன்றும் நாகஸ்வரம் படிக்கப் பிள்ளைகள் சேர்கிறார்கள். யாழ்ப்பாணத்து வாத்தியக்காரர்கள் இந்த மண்ணின் கருவியையே தேடுகிறார்கள். அன்று ஆசாரி குடைந்துகொண்டிருந்ததும் கடல்கடந்து போக வேண்டியதுதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு அழைப்பு. குத்தாலம் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறார்களாம். உளியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். எங்கள் காரிலேயே கூட்டிப்போனோம். ஓடு இறக்கியாகியிருந்தது. சாத்துகள், விட்டங்கள் வெட்டவெளியில் நின்றன. ஆசாரி கையிலிருந்த சின்ன உளியால் ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் போட்டுப் பார்த்தார். தேக்கு, தேக்கு, பனை, மறுபடி தேக்கு. பின்கட்டில் இருந்த இரண்டு உத்தரங்களில் மட்டும் கை நின்றது.

வீட்டைப் பிரிக்க எடுத்திருந்த காண்டிராக்டர் வெற்றிலை மென்றபடி வந்தார். "என்ன ஆசாரியாரே, நாயனக் கட்டையா? அப்ப கன அடிக் கணக்கு வேண்டாம். மொத்தமா பேசிக்குவோம்."

"விறகு விலைக்குக் குடுத்துக்கிட்டு இருந்தீங்களே முன்னல்லாம்?"

"டிவியில வந்துச்சுல்ல. உங்க ஊருக்கு முத்திரையெல்லாம் குடுத்துருக்காங்களாமே."

பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. ஓர் உத்தரத்துக்குத்தான் காசு எட்டியது. மற்றதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ஐந்தாம் தேதிக்குள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ஆசாரி சொல்ல, காண்டிராக்டர் தேதியை ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார்.