எமது கிற்றார்ப் பைத்தியம்

தபால் முத்திரை சேர்ப்போர் உளர். பழைய நாணயம் சேர்ப்போர் உளர். பிறருக்குக் கொடுத்த கடன்களின் கணக்கை மாத்திரம் சேர்த்து வைத்திருப்போரும் உளர். எவருடைய சேகரமும் அடுத்த வீட்டாருக்குப் பைத்தியமாகவே தோன்றும். எமது பைத்தியம் யாதெனில், இற்றைக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் இத்தாலி தேசத்தில் செய்யப்பட்ட மின்கிற்றார்கள். கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கின்ற மாங்குளத்திலே, உழுந்தும் கச்சானும் விளைகின்ற நிலத்தின் நடுவே, கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் ஒரு மனிதர் திருநீறு பூசிய நெற்றியோடு இத்தாலியக் கிற்றாரைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் காண்பவர் நகைப்பது இயல்பே. நாமும் அவர்களோடு சிறிது நகைத்துவிட்டு, இப்பைத்தியம் எமக்குப் பிடித்த வரலாற்றைக் கூற விரும்புகின்றோம்.

இத்தாலியின் கிழக்குக் கரையிலே, அன்கோனா என்னும் துறைமுகத்துக்கு அண்மையில், கஸ்தெல்பிடார்டோ என்றொரு சிற்றூர் உண்டு. 1863 ஆம் ஆண்டில் பாவ்லோ சொப்ரானி என்பவர் அங்கே அக்கோடியன் செய்யத் தொடங்கினார். மார்பிலே தொங்கவிட்டு, துருத்தியை விரித்தும் சுருக்கியும் வாசிக்கும் அவ்வாத்தியத்தை எமது கர்மோனியத்தின் உறவினன் எனலாம். காலப்போக்கில் அவ்வூரும் அயலூர்களும் அத்தொழிலாலேயே வாழ்ந்தன. 1950களின் பிற்பகுதியில் உலகத்து இளைஞரின் செவி மாறியது. அவர்கள் அக்கோடியனைக் கைவிட்டு மின்கிற்றாரைக் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழில் கண்ணெதிரே படுத்துவிடும்போது தொழிலாளி என்ன செய்வான்?

அவர்கள் கையில் இருந்ததைக் கொண்டே கிற்றார் செய்தார்கள். 1959 இல் ஒலிவியேரோ பிஜினி என்பவர் தொடங்கிய 'ஏக்கோ' நிறுவனம் அவற்றுள் பெரியது. லியோபார்டி என்னும் இத்தாலியப் பெருங்கவிஞர் பிறந்த ரெக்கனாத்தி நகரில் அதன் தொழிற்சாலை வளர்ந்தது. அக்கோடியனுக்கு ஒட்டிய முத்துப்போல் மினுங்கும் செலுலொயிட் தகட்டைக் கிற்றாருக்கும் ஒட்டினார்கள். அக்கோடியனின் பொத்தான்களைப்போல் கிற்றாரின் மார்பிலும் பொத்தான்களை வரிசையாகப் பதித்தார்கள். அமெரிக்காவின் பெண்டர், கிப்சன் கிற்றார்களை வாங்க வசதியற்றவர்கள் இவற்றை வாங்கினார்கள். விலை குறைவு, மினுக்கமோ அதிகம். அக்காலத்து மேதைகள் இவற்றை விளையாட்டுச் சாமான் என்று இகழ்ந்ததும் உண்டு. இன்று அந்த மினுக்கத்துக்காகவே பல நாட்டவரும் இவற்றைத் தேடி வாங்குகின்றனர்.

அத்தகைய கிற்றார் ஒன்று எங்கள் வீட்டுக்கு 1974 இல் வந்தது. எமது குஞ்சியப்பாவுக்கு அப்போது இருபது வயது. இலங்கையிலே தமிழ்ப் பொப்பிசை பிறந்து தவழ்ந்த காலம் அது. நித்தி கனகரத்தினத்தின் பாடல்களையும் ஏ. ஈ. மனோகரனின் பாடல்களையும் வாலிபர் வாயில் எப்போதும் கேட்கலாம். ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையால் வெளிநாட்டு வாத்தியம் வாங்குவது எளிதன்று. கப்பலில் வேலை செய்த நண்பர் ஒருவரிடமிருந்து, செந்நிறத்தில் மினுங்கும் ஏக்கோ ஒன்றைக் குஞ்சியப்பா தவணை முறையில் வாங்கினார். கொழும்பிலிருந்து புகைவண்டியில் அதனை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் என்றும், பேத்தியார் அதைக் கண்டு, "இது என்ன, பெட்டிக்கடைக் கண்ணாடியோ?" என்று கேட்டார் என்றும் வீட்டில் இன்றும் சொல்வதுண்டு. கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் அக்கிற்றார் சில ஆண்டுகள் பாடிற்று.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் அரிதாயிற்று, மின்கலங்கள் தடைசெய்யப்பட்டன. மின்சாரம் இல்லாத ஊரில் மின்கிற்றாரைவிடப் பயனற்ற பொருள் வேறென்ன? எமக்கு அப்போது வயது பத்து. குஞ்சியப்பா இரவில் திண்ணையிலிருந்து வாசிப்பார். நுளம்பின் ரீங்காரமளவே ஓசை எழும். "காதை மரத்திலே வை" என்பார். கிற்றாரின் விளிம்பிலே செவியைப் பதித்தால், அம்மம்மா! நாதம் முழுவதும் மண்டைக்குள்ளேயே ஒலிக்கும். திடப்பொருளில் ஒலி நன்கு செல்லும் என்பதை நாம் பாடப் புத்தகத்தில் படித்தது பின்னர்தான், கற்றது அத்திண்ணையில்.

அக்காலத்தில் வன்னி மக்கள் சைக்கிள் டைனமோவால் வானொலி கேட்டதைப் பலரும் அறிவர். குஞ்சியப்பா அதற்கு ஒரு படி மேலே சென்றார். பழைய வானொலிப் பெட்டி ஒன்றைத் திறந்து, அதன் ஒலிபெருக்கும் பகுதியோடு கிற்றாரின் கம்பியை இணைத்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதிகட்டையைச் சுற்றும் உத்தியோகத்தை எமக்களித்தார். நாம் வேகமாகச் சுற்றினால் கிற்றார் முழங்கும். கை சோர்ந்தால் சுரம் தேய்ந்து முனகும். "தம்பி, கெதியாய்ச் சுத்து, பாட்டுச் சாகுது!" என்று அவர் கூவுவார். பௌதிகத்தில் எமக்கு ஏற்பட்ட பற்றுக்கு வித்து யாதென எவரேனும் கேட்பின் அந்தச் சைக்கிளையே காட்டுவோம்.

பின்னர் நிகழ்ந்த இடப்பெயர்வுகளை ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1997 இல் தொடங்கிய சமரின்போது அக்கிற்றார் சைக்கிள் காரியரில் மல்லாவிக்குச் சென்றது. 2002 இல் போர்நிறுத்தம் வந்தபின் திரும்பி வந்தது. 2008 ஆம் ஆண்டின் இறுதியில், இனித் திரும்புவோமா என்பதே தெரியாத நிலையில் மாங்குளத்தை விட்டு நீங்கினோம். புறப்படுமுன் குஞ்சியப்பா வளவிலே குழி வெட்டி அதனைப் புதைத்தார். தறப்பாள் மனிதருக்கு வேண்டியிருந்தது. கிற்றாருக்கு உரப்பையே கிடைத்தது.

2009 இல் குஞ்சியப்பாவின் இடக்கையில் எறிகணைச் சிதறல் பட்டு இரண்டு விரல்கள் போயின. கிற்றார் வாசிப்பவனுக்கு இடக்கை விரல்களே நாவு போன்றவை. செட்டிகுளம் முகாமில் இருந்தபோதும், அங்கிருந்து மீண்ட பின்பும் அவர் கிற்றாரைப்பற்றி ஒரு சொல்லும் உரைத்தாரில்லை. நாமும் கேட்கத் துணிந்தோமில்லை.

அதனைக் கண்டெடுத்தவர்கள் கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள். 2010 இல் எங்கள் வளவைச் சோதித்தபோது அவர்களது கருவி ஓரிடத்தில் ஓயாது ஒலித்தது. அடையாளக் கம்புகள் நட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணை நீக்கினார்கள். உள்ளே இருந்தது கிற்றார். 1831 இல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் அதே தத்துவத்தாலேயே கிற்றார் தந்தியின் அதிர்வை மின்னாக்குகின்றது. அதே தத்துவத்தாலேயே வெடி தேடும் கருவி உலோகத்தை உணர்கின்றது. ஒரு சுருள் மற்றொரு சுருளைக் கண்டுபிடித்தது என்று இன்றும் வகுப்பிலே சொல்லுகின்றோம். மாணவர் சிரிப்பர், ஆனால் பாடத்தை மறப்பதில்லை.

மரத்தைக் கறையான் தின்றுவிட்டது. எஞ்சியவை செலுலொயிட் தோலும், பொத்தான்களும், ஆணிகளும், நான்கு காந்தச் சுருள்களும், கழுத்துக்குள் இருந்த உருக்குக் கம்பியுமே. குஞ்சியப்பா அவற்றை ஒருமுறை நோக்கிவிட்டு, "எறி" என்றார். நாம் எறியவில்லை, பிஸ்கற் பெட்டி ஒன்றில் இட்டு வைத்தோம்.

எமது தம்பி இத்தாலியிலே, தமிழர் பலர் வாழும் பலெர்மோ நகரில் வசிப்பவன். அங்குள்ள பழம்பொருட் சந்தையில் இதற்கு உதிரிப்பாகம் அகப்படுமா என்று கேட்டு எழுதினோம். சட்டைக்குப் பொத்தான் தேடப்போனவன் சட்டைகளையே வாங்கிய கதையாயிற்று. உடைந்த கிற்றார்கள் அங்கே சில வேளைகளில் மலிவாகக் கிடைத்தன. ஊருக்கு வருவோர் கையில் ஒன்று வந்தது, பின்னர் இன்னொன்று, அதன்பின், நான்கு சுருள்களும் வெள்ளி மினுக்கமும் கொண்ட 700 ஆம் வரிசை ஏக்கோ, ஒரு பொத்தானும் மாறாமல் வந்து சேர்ந்தது. நாம் சேகரிப்பாளர் ஆகிவிட்டதை அன்றுதான் உணர்ந்தோம்.

இவற்றைப் பேணுவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. செலுலொயிட் என்பது நைத்திரேற்றிய பருத்தியையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்வது. அரத்தாள் கொண்டு தேய்த்தால் கோயில் வாசனை வீசும். தீப்பட்டால் கற்பூரம்போலவே பற்றி எரியும். காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால், அதிலிருந்து கசியும் அமில ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தையும் அரித்துவிடும். ஆதலால் நாம் இவற்றைச் சுவாமி விளக்குக்கு எட்டாத தூரத்தில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுகின்றோம்.

இவ்வாறிருக்க, மண்ணிலிருந்து எடுத்த பாகங்களின் படத்தைத் தம்பி அங்குள்ள ஒரு வியாபாரியிடம் காட்ட, அவர் சுருள்களுக்கும் பொத்தான்களுக்கும் நல்ல விலை கூறினார். வேறொரு கிற்றாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவை வேண்டுமாம். எமது இல்லாள் சொன்னது நியாயமே: "இஞ்சேருங்கோ, மண்ணுக்குள்ள கிடந்த சாமானுக்கு ஆரோ காசு தாறன் எண்டால் குடுங்கோவன். குசினிக்கு ஒரு கூரை போடலாம்."

மழைக்காலத்தில் அவர் குடை பிடித்துக்கொண்டு சமைத்ததை நாம் அறிவோம். மறுக்க நாவெழவில்லை, கொடுக்கவும் கை எழவில்லை. மூன்று நாட்கள் சிந்தித்தபின், மிகச் சிறந்ததும் ஒரு குறையும் அற்றதுமான அந்த 700 ஆம் வரிசைக் கிற்றாரை இத்தாலிக்கே திருப்பி அனுப்பி விற்றோம். குசினிக்குக் கூரை வந்தது. பிஸ்கற் பெட்டி வீட்டிலேயே இருந்தது. சேகரிப்போர் எவரும் எமது செயலை ஏற்கமாட்டார். நல்லதை விற்று, உளுத்ததை வைத்திருத்தல் அச்சாத்திரத்துக்கே முரண் அல்லவா?

பழைய வாத்தியத்தில் புதிய மரம் சேர்க்கலாகாது என்பதும் அச்சாத்திரத்தின் ஒரு விதி. அதனையும் மீறினோம். கஸ்தெல்பிடார்டோவின் தொழிலாளி தன் பிழைப்பு அற்றபோது கையில் இருந்ததைக் கொண்டே கிற்றார் செய்தான். மாங்குளத்தில் கையில் இருப்பது பலா மரம். வீணைக்கு உதவும் மரம் கிற்றாருக்கு உதவாதா? ஊர்த் தச்சர் ஒருவர் கறையான் விட்ட தோலை அளவாக வைத்து உடலையும் கழுத்தையும் கடைந்தார். பழைய உருக்குக் கம்பியைக் கழுத்தினுள் செலுத்தினார். பல்மானியால் சோதித்ததில் நான்கு சுருள்களில் இரண்டு உயிரோடு இருந்தன. மூன்றாவதைச் சுற்ற, யாழ்ப்பாணத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய சுருள் ஒன்றிலிருந்து மயிரினும் மெல்லிய செப்புக் கம்பியை உரித்தெடுத்தோம். பல்லாயிரம் சுற்றுக்களைக் கையால் சுற்றத் தொடங்கிய எம்மைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், இல்லாள் தமது தையல் மெஷினைத் தாமே கொண்டுவந்து வைத்து, சில்லையும் தாமே சுழற்றினார்.

எஞ்சியது ஒரு தொல்லை. கழுத்திலே மெட்டுக்களை மயிரளவும் பிசகாது பதிப்பது எங்கள் தச்சருக்கு அரிதாயிற்று. சுரங்கள் தவறின. அப்பொழுதே எமக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1931 இல் அமெரிக்காவில் உருவான முதல் மின்கிற்றார்களில் ஒன்று பொரிசட்டி வடிவினது. அது ஹவாய்த் தீவினரின் முறைப்படி மடியிலே கிடத்தி, உருக்குத் துண்டைத் தந்திமீது வழுக்கி வாசிப்பதற்கென்றே செய்யப்பட்டது. எங்கள் கோட்டுவாத்தியமும் அவ்வாறன்றோ? அம்முறைக்கு மெட்டு வேண்டுவதில்லை. ஐந்து விரல்களும் வேண்டுவதில்லை.

தந்திகளைச் சிறிது உயர்த்தி, ஒரே இசைக்கட்டில் சுருதி சேர்த்து, குஞ்சியப்பாவின் மடியில் வைத்தோம். சைக்கிள் திருத்தும் கடையில் வாங்கிய உருக்குக் குழாய்த் துண்டு ஒன்றை அவரது இடக்கையில் கொடுத்தோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் துண்டைத் தந்தியில் வைத்து இழுத்தார். முதலில் அலறிற்று, மெல்ல மெல்லப் பாடிற்று. அன்று தொடங்கிய சாதகம் இன்றும் நடக்கின்றது. எழுபது வயது கடந்தவருக்கு வேகம் இல்லை. ஆனால் வாலிபத்தில் அவர் வாசித்தவற்றில் இல்லாத ஒரு நீட்சி இப்போது உண்டு.

சென்ற மாதம் ஒரு மாலை அவர் வாசித்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிட்டது. "தம்பி, சுத்து!" என்றார் இருளிலே. வீடெல்லாம் நகைத்தது. மெழுகுதிரி ஏற்றிவர நாம் எழுந்தோம். திரும்பி வந்தபோது அவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார். எமது இளைய மகள் கிற்றாரின் விளிம்பிலே செவியைப் பதித்திருந்தாள். மெழுகுதிரியைச் செலுலொயிட்டுக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, நாமும் நமது முறைக்காகக் காத்திருந்தோம்.