அடிக்கணக்கு

கோவை, கணபதி. காலை ஏழரை.

சந்தின் அகலம் ஒரு டெம்போவுக்குச் சரியாக இருக்கிறது. இப்போது வருவது டிவிஎஸ் எக்ஸ்எல். கால் வைக்கும் இடத்தில் ஒரு சாக்கு, சீட்டுக்குப் பின்னால் இரண்டு. சாக்குக்குள் பம்புக்கான வார்ப்பட பவுல்கள். ஓரத்திலிருந்து கறுப்பு மணல் உதிர்ந்துகொண்டே வருகிறது. ஓட்டுபவரின் முழங்கால்கள் இரு பக்கமும் விரிந்திருக்கின்றன. பின்சக்கரம் பாதி அமுங்கியிருக்கிறது. வேகத்தடை வருகிறது. அவர் இறங்கி, தள்ளி, மறுபடி ஏறிக்கொள்கிறார்.

ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே போகின்றன. பெயர்ப்பலகைகளில் முருகன் மூன்று இடத்தில் இருக்கிறார், மாரியம்மன் இரண்டு இடத்தில். 'இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' எல்லோருக்கும் பொது.

முதல் கதவில் பவுலைக் கடைகிறார்கள். அடுத்ததில் துளை போடுகிறார்கள். எதிர்ச்சாரியில் ஷாஃப்டுக்குக் கீவே வெட்டுகிறார்கள். அதைத் தாண்டி ரோட்டர் பேலன்சிங். கடைசியில் பெயின்ட். பம்பு சாக்கிலும் தட்டிலும் தள்ளுவண்டியிலும் கதவு கதவாகப் போகிறது. முழுப் பம்பைச் செய்கிறவர் சந்தில் ஒருவரும் இல்லை. நாட்டின் பம்புசெட்டுகளில் ஏறக்குறைய பாதி கோவையில் செய்தது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு.

லேத்தில் நிற்பவருக்கு அறுபது தாண்டியிருக்கும். கண்ணாடி மூக்கின் நுனியில். கையில் வெண்கல புஷ். சட்டென்று வைத்து, இறுக்கி, டூலை முன்னால் தள்ளுகிறார். மஞ்சள் சுருள் கிளம்பிச் சுழன்று தட்டில் விழுகிறது. இரும்புச் சுருளுக்குத் தனித் தட்டு. வெண்கலச் சுருளுக்கு மூடி போட்ட டின். டின்னின் மேல் முதலாளியின் கையெழுத்தில் தேதி.

அவர் மெஷினை நிறுத்துகிறார். பிளக் கேஜை எடுக்கிறார். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. நுழைகிறது. திருப்புகிறார். நுழையவில்லை. புஷ் மரத்தட்டுக்குப் போகிறது. அடுத்தது. நுழைகிறது, நுழையவில்லை. அடுத்தது. நுழைகிறது, அதுவும் நுழைகிறது. அந்த புஷ்ஷைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கிறார். பிறகு பெஞ்சுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் போடுகிறார். போடும்போது சத்தம் வராதபடி போடுகிறார்.

வாசலில் பலகை: 'டர்னர் தேவை'. சுண்ணாம்புக்கட்டியில் எழுதியதல்ல, பெயின்டில் எழுதியது. செல்போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் வெயிலில் வெளுத்துவிட்டது.

பக்கத்துக் கதவில் சிஎன்சி. கண்ணாடிக்குப் பின்னால் பால்நிறக் கூலன்ட் பீய்ச்சுகிறது. வெளியே ஓர் இளைஞன் செல்போன் பார்க்கிறான். பச்சை விளக்கு எரிகிறது. கதவைத் திறக்கிறான், எடுக்கிறான், வைக்கிறான், மூடுகிறான். செல்போனில் விட்ட இடம் அப்படியே இருக்கிறது.

வார்ப்படம் வருவது ஊருக்கு வெளியிலிருந்து. ஃபவுண்டரியில் மணல் பெட்டிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஊற்றுகிறவர்கள் ஒடிசா, பீகார். சூப்பர்வைசர் பேசுவதில் தமிழும் இந்தியும் பாதிப் பாதி. உலோகம் உலையிலிருந்து வாளிக்கு இறங்கும்போது இரண்டு பாஷையும் நிற்கின்றன. கை மட்டும் பேசுகிறது.

சந்தின் திருப்பத்தில் மாடிப்படி. படிக்கட்டு ஓரம் பன்னிரண்டு ஜோடி செருப்பு. மேலே காயில் கட்டும் அறை.

அறை நீளமானது. இரண்டு வரிசை மேசை. எல்லோரும் பெண்கள். கதவுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் வளையல்கள். கண்ணாடி வளையல், மெட்டல் வளையல், ஓர் ஆணியில் மோதிரமும் கோர்த்த கறுப்புக் கயிறு. காயில் வயரின் மேல் பாலியெஸ்டர் உறை. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் மோட்டார் போய்விடும். நகங்கள் எல்லாம் ஒட்ட வெட்டியவை.

இது நீர்மூழ்கி மோட்டார். உள்ளே எண்ணெய் கிடையாது, தண்ணீர்தான். காயில் ஆயுள் முழுக்கத் தண்ணீரில் இருக்கும்.

மேசையில் ஸ்டேட்டர் படுத்திருக்கிறது. கை நீளத்துக்கும் அதிகமான குழல். உள்சுற்றில் ஸ்லாட்டுகள். இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு பெண். இவர் வயரின் நுனியை ஸ்லாட்டில் நுழைக்கிறார். அவர் அந்தப் பக்கம் பிடித்து இழுக்கிறார். முழு நீளமும் இழுத்தாக வேண்டும். வயர் தரையில் சரசரத்துக்கொண்டு போகிறது. அவர் அடுத்த ஸ்லாட் வழியே திருப்பி அனுப்புகிறார். இவர் இழுக்கிறார். போகிறது, வருகிறது. மரக்குச்சியால் அழுத்திவிடுகிறார்கள். போகிறது, வருகிறது.

உதடுகள் மட்டும் அசைகின்றன. எண்ணிக்கை.

மூலையில் ஒரு செல்போன் பாட்டுப் பாடுகிறது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் திரும்பவில்லை. பாட்டு முடிகிறது. மறுபடி தொடங்குகிறது.

"பதினேழு," என்கிறார் இந்தப் பக்கத்துப் பெண், சத்தமாக.

"பதினேழுதானுங்க்கா," என்கிறார் அந்தப் பக்கத்துப் பெண்.

இப்போது செல்போனை எடுக்கலாம். மகன் பள்ளியிலிருந்து. கணக்கு நோட்டை மறந்துவிட்டானாம்.

கட்டி முடித்த ஸ்டேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். மூன்று வயர் நுனிகள் மட்டும் வெளியே: சிவப்பு, மஞ்சள், நீலம். அங்கேயே கிடக்கும். பிறகு இன்சுலேஷன் சோதிக்கும் மெகரைக் கொண்டு வந்து நுனியில் மாட்டுவார்கள். முள் ஏறினால் காயில் நன்றாக இருக்கிறது. ஏறாமல் படுத்தால், போனதும் வந்ததும் எல்லாம் திரும்பக் கழற்ற வேண்டும். மெகர் வருகிறது. கட்டிய இருவரும் வேறு வேலை பார்க்கிற மாதிரி நிற்கிறார்கள். முள் ஏறுகிறது. ஒருவர் போய்த் தண்ணீர் குடிக்கிறார்.

கீழே ஆபீஸ். மேசை, டேலி ஓடும் கம்ப்யூட்டர், சுவரில் ஜி.டி. நாயுடு. பிளாஸ்டிக் மாலை. 1937-இல் பீளமேட்டில் செய்யப்பட்ட மின் மோட்டாரை நாட்டின் முதல் மோட்டார் என்கிறார்கள்; அவர் பெயரோடு டி. பாலசுந்தரத்தின் பெயரும் சேர்ந்து வரும். அதற்கு ஐந்து வருடம் முன்புதான், 1932-இல், பைக்காராவில் நீர்மின்சாரம் ஓடத் தொடங்கியது. அதுவரை கொங்குக் கிணறுகளில் எருதுகள் சரிவில் முன்னே இறங்கி, பின்னே ஏறிக் கவலை இறைத்தன. படத்துக்குக் கீழே சுவிட்ச் போர்டு. போர்டில் பட்டை பட்டையாகச் சந்தனம், ஆயுத பூஜைக்குப் பூசியது.

சுவரில் இன்னொரு காகிதமும் ஒட்டியிருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு. லேமினேட் செய்தது. ஒட்ட வேண்டிய இடம் இதுவல்ல. அங்கே ஒட்ட முடியாது.

அங்கே, அதாவது மெயின் ரோட்டுப் பம்பு கம்பெனியின் வரவேற்பறையில், சந்தின் முதலாளிகள் மூன்று பேர் நாற்காலியில் இருக்கிறார்கள். மூவர் மடியிலும் ரெக்சின் பை. பைக்குள் டெலிவரி சலான். மூவரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள். மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். செம்பு விலையைப் பற்றிப் பேசுகிறார்கள். வந்த காரியத்தைப் பற்றிப் பேசவில்லை.

கண்ணாடிக் கதவு திறக்கிறது. மூவரும் நிமிர்கிறார்கள். டீக்காரப் பையன்.

"அக்கவுன்ட்ஸ் சார் மீட்டிங்ல இருக்காருங்," என்கிறார் வரவேற்பில் இருப்பவர். "வியாழக்கெழமை வந்துருங்ளேன்."

"சரிங்," என்கிறார் ஒருவர். எழவில்லை.

கம்பெனியின் பின்புறம் டெஸ்டிங். பெரிய கூடம், நடுவில் தொட்டி. தொட்டியின் ஆழம் பத்தடி. செயின் பிளாக்கில் தொங்கி ஒரு பம்பு இறங்குகிறது. ஆறு அங்குல போருக்கானது. பத்து எச்பி. இருபது பவுல், இருபது இம்பெல்லர், ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொன்றும் தண்ணீரை இன்னும் பன்னிரண்டு மீட்டர் மேலே தள்ளும். எல்லாம் சேர்ந்து 240 மீட்டர்.

ஆபரேட்டர் ஸ்விட்சைப் போடுகிறார். ஆம்பியர் முள் துள்ளி அடங்குகிறது. குழாய் சிலிர்க்கிறது. தண்ணீர் மேலே வந்து, வளைந்து, ஃப்ளோ மீட்டரைக் கடந்து, அதே தொட்டியில் விழுகிறது. அதே தண்ணீர் திரும்ப உள்ளே போகிறது.

பக்கத்தில் ஒரு வால்வு. ஆபரேட்டர் சக்கரத்தைத் திருகுகிறார். கேஜ் பத்து கிலோ காட்டுகிறது. இப்போது பம்பு நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இன்னும் திருகுகிறார். இருபது கிலோ. இருநூறு மீட்டர். விழும் தண்ணீர் மெலிகிறது. இருபத்து நான்கு. சுமார் 790 அடி. நொடிக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். அவர் எல்லாவற்றையும் கட்டங்களில் எழுதுகிறார். ஓட்டுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர் என்று முன்பு இரண்டு பேர். இப்போது இவரே இரண்டும். பேனா காதில்.

கடைசியாக வால்வை முழுக்க மூடுகிறார். கேஜ் உச்சத்தில் நிற்கிறது. மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்றுக்குக் குறையாமல் சுற்றுகிறது. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. இதற்கும் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. எழுதுகிறார்.

பம்பை மேலே தூக்குகிறார்கள். துடைக்கிறார்கள். தகடு அடிக்கிறார்கள்: ஐஎஸ் 8034, எச்பி, ஹெட், டிஸ்சார்ஜ். ஸ்டார் லேபிள் ஒட்டுகிறார்கள். அட்டைப் பெட்டியின் மேல் தென்னை மரமும் பாயும் அருவியும். அருவி பெட்டியை விடப் பெரிதாக அச்சாகியிருக்கிறது.

மதியம். மெயின் ரோட்டில் ரீவைண்டிங் கடை. வாசலில் குட்டி யானை நிற்கிறது. உள்ளே படுக்கவைத்திருப்பது ஒரு பழைய மோட்டார், பாசி பிடித்தது. கூடவே பெரியவர் ஒருவர், அன்னூர்ப் பக்கம். தோளில் பச்சைத் துண்டு. கடைச் சுவரில் பாதி கிழிந்த விவசாயச் சங்கப் போஸ்டர். மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மூவரின் நினைவுநாள் அழைப்பு. பெரியவர் அதன் கீழேயே ஸ்டூலில் உட்காருகிறார். விவசாயத்துக்குக் கரண்ட் பில் 1990 முதல் இல்லை. காயில் கட்டுகிற பில் இருக்கிறது.

மெக்கானிக் மோட்டாரைத் திறக்கிறான். கறுத்த தண்ணீர் தரையில் ஓடுகிறது. தீய்ந்த வாசனை. பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்துவதில்லை, பழகிய வாசனை.

"ரெண்டு பேஸ்ல ஓட்டுனீங்களாங்ணா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அதற்கென்றே கண்டன்சர் வைத்திருப்பதை மெக்கானிக் கேட்காமலே அறிவான்.

தகட்டில் எச்பி 5 என்று இருக்கிறது. மெக்கானிக் ஸ்டேட்டரின் நீளத்தைப் பார்க்கிறான். தகட்டைப் பார்க்கிறான். முதலாளியைப் பார்க்கிறான். முதலாளி கால்குலேட்டரைப் பார்க்கிறார்.

கருகிய செம்பை உருவிச் சுருட்டி எடைத்தட்டில் வைக்கிறார்கள். எண் நிற்கும்வரை மூவரும் பேசவில்லை. முதலாளி பழைய செம்பின் விலையை ஒரு தாளில் எழுதி, புதுச் செம்பின் விலையை அதன் மேலே எழுதி, கழிக்கிறார். கோடு போட்டு அடியில் வந்த எண்ணைப் பெரியவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்.

பெரியவர் மடியிலிருந்து பணத்தை எடுக்கிறார். எண்ணுகிறார். மறுபடி எண்ணுகிறார்.

"போர் எத்தன அடிங்?"

"ஆயரத்து நூறுங்."

"மோட்டார் எவ்வளவுல தொங்குச்சு?"

"எட்நூறு. போன வருசம் எறநூத்தம்பது எறக்குனது. இப்பத் தொள்ளாயிரத்துல நிறுத்தோணும்."

"அப்ப நூறடி கேபிள் போதுமுங்."

"எறநூறு போடுங்."

முதலாளி நிமிர்ந்து பார்க்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. பையனைக் கூப்பிடுகிறார்.

கடைத் தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள், பத்தடி இடைவெளியில். பையன் கேபிள் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு நடக்கிறான். ஒன்று. மடித்துக்கொண்டு திரும்புகிறான். இரண்டு. டிரம் உருள்கிறது. குட்டி யானைக்காரர் ஹாரன் அடிக்கிறார். பன்னிரண்டு. பெரியவரும் கூடவே விரல் மடக்குகிறார். பத்தொன்பது. இருபது.

பையன் கட்டிங் பிளேயரை எடுக்கிறான்.

"இன்னொரு நடை நடந்துரு கண்ணு," என்கிறார் பெரியவர்.

பையன் முதலாளியைப் பார்க்கிறான். முதலாளி பில்லில் எழுதியிருந்த 200-ஐ அடித்து 210 என்று எழுதுகிறார்.